வட சென்னையில் பிள்ளைகளுடன் பறவை பார்த்தலும் படமெடுத்தலும்: முழுமையான வழிகாட்டி

ஏழு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளைப் பறவை பார்க்க அழைத்துச் செல்ல விரும்பும் பெற்றோர், ஆசிரியர், தெருவில் உள்ள அண்ணன் அக்காமார் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன். இதில் வரிசைதான் முக்கியம். முதலில் வெறுங்கண், அடுத்து நோட்டு, அதன் பிறகு பைனாகுலர், எல்லாவற்றுக்கும் கடைசியில் கேமரா.

புதிதாகத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். கேமராவை முதலில் கையில் வாங்கிய குழந்தை பறவையைப் பார்ப்பதில்லை, திரையைத்தான் பார்க்கிறது. படம் சிறிதாக விழுந்தால் இன்னும் பத்தடி முன்னே போகிறது. பறவை எழுந்து பறந்துவிடுகிறது. இரண்டு மூன்று முறை இப்படி நடந்ததும், பறவை என்றால் ஓடிப்போகும் ஒன்று என்ற எண்ணம் மனத்தில் படிந்து, அந்தப் பிள்ளை அடுத்த ஞாயிற்றுக்கிழமை வருவதில்லை. கீழே உள்ள படிகள் அனைத்தும் இந்த ஒரு நிலையைத் தவிர்ப்பதற்காகவே இந்த வரிசையில் உள்ளன.

1. கிளம்பும் முன் சேர்த்துவைக்க வேண்டியவை

கோடு போடாத சிறிய நோட்டு ஒன்றும் பென்சில் ஒன்றும் ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியாக வேண்டும். பேனா வேண்டாம். விடியற்காலைப் பனியிலும் தூறலிலும் மை கரைந்து பக்கம் முழுவதும் பரவிவிடும். தொப்பி, தண்ணீர், கால் முழுவதையும் மூடும் ஷூ ஆகியவை கட்டாயம். நம் பகுதி ஏரிக்கரைகளில் கருவேல முள்ளும் கண்ணாடிச் சில்லும் நிறையக் கிடக்கின்றன. உடை மண் நிறத்திலோ மங்கிய பச்சையிலோ இருந்தால் நல்லது.

ஒரு பெரியவருக்கு நான்கு பிள்ளைகளுக்கு மேல் வேண்டாம். நீர்நிலையின் ஓரத்தில் ஐந்தாவது குழந்தையின் மேல் கண் வைக்க முடியாது என்பது ஒரு காரணம். கூட்டம் பெருகினால் பேச்சு பெருகும் என்பது மற்றொன்று.

பைனாகுலரும் கேமராவும் முதல் மாதத்தில் தேவையே இல்லை. வாங்க அவசரப்பட வேண்டாம்.

2. முதல் மாதம் மொட்டைமாடியிலேயே தொடங்குங்கள்

ஏரிக்கோ முகத்துவாரத்துக்கோ நேராகப் போய்விடுவது இரண்டாவது பெரிய தவறு. நூற்றுக்கணக்கான பறவைகள் தூரத்தில் கலந்து நிற்கும் இடத்தில் புதியவரின் கண்ணுக்கு ஒன்றுமே தனியாகத் தெரியாது. மொட்டைமாடியிலோ, குடிசை மாற்று வாரியக் குடியிருப்பின் நடைபாதையிலோ, பள்ளி வளாகத்து வேப்பமரத்தடியிலோ தொடங்கினால் பறவை அருகில் இருக்கும். அது நாளையும் அங்கேயே வரும். ஒரே பறவையைத் திரும்பத் திரும்பப் பார்க்கும் வாய்ப்பு கிடைப்பதுதான் இந்தப் படியின் நோக்கம்.

முதல் பாடத்துக்குக் காகத்தைவிடச் சிறந்த பறவை இல்லை. பல வீடுகளில் சாப்பிடும் முன் கைப்பிடிச்சுவரில் சோறு வைக்கும் வழக்கம் இருப்பதால், பறவை வரும் நேரமும் இடமும் பிள்ளைகளுக்கு முன்பே தெரியும். பதினைந்து நிமிடம் அமைதியாக உட்காரச் சொல்லி, மூன்று கேள்விகளை மட்டும் கொடுங்கள். முதலில் வருவது யார்? அது உடனே உண்கிறதா, மற்றவற்றை அழைக்கிறதா? கழுத்து சாம்பல் நிறமா, முழுக் கறுப்பா? மூன்றாவது கேள்விக்கு விடை தேடும்போது, சாம்பல் கழுத்துள்ள வீட்டுக்காகமும், உடல் முழுதும் கறுப்பாய்ச் சற்றே பெரிதாய்த் தடித்த அலகோடு இருக்கும் அண்டங்காக்கையும் வேறு வேறு என்பதைப் பிள்ளைகள் தாமாகவே கண்டுபிடிப்பார்கள். நீங்கள் சொல்லித்தருவதைவிட அது ஆழமாகப் பதியும்.

கோடை மாதங்கள் என்றால் இன்னொன்றும் கிடைக்கும். குயில் தன் முட்டையைக் காகத்தின் கூட்டில் இடுகிறது. சிவந்த கண்ணுடைய கருங்குயிலைக் காகங்கள் துரத்துவதையும், சில வாரங்களுக்குப் பிறகு காகமே குயில் குஞ்சுக்கு இரை ஊட்டுவதையும் மாடியிலிருந்தே பார்க்கலாம். இதை ஒருமுறை நேரில் கண்ட பிள்ளைக்கு அதன் பிறகு ஊக்கம் ஊட்ட வேண்டிய தேவை இருப்பதில்லை.

சோறு வைக்கும்போது உப்பு, காரம், எண்ணெய் சேர்ந்த பண்டங்களைத் தவிருங்கள். தண்ணீரை ஆழமில்லாத மண் தட்டில் வைத்து, தினமும் கழுவி மாற்றுங்கள். தேங்கிய அழுக்கு நீர் பறவைகளுக்கு நோயைப் பரப்பும், நமக்குக் கொசுவைப் பெருக்கும்.

காகத்தைத் தொடர்ந்து மைனா, இரட்டையாய்ப் பிளந்த வாலுள்ள கரிச்சான், முருங்கைப் பூவுக்கு வரும் தேன்சிட்டு, செடியின் இலையைத் தைத்துக் கூடு கட்டும் தையல்சிட்டு, வானத்தில் வட்டமிடும் கரும்பருந்து என்று ஒரு பத்துப் பறவையைப் பிள்ளைகள் தயங்காமல் அடையாளம் காணும் வரை இந்தப் படியிலேயே இருங்கள். மண்ணடி, ஜார்ஜ் டவுன் பக்கத்துப் பிள்ளைகள் என்றால், தானியக் கடைகள் உள்ள தெருக்களில் சிட்டுக்குருவியையும் தேடச் சொல்லலாம்.

3. பெயரைக் கடைசியில் எழுதச் சொல்லுங்கள்

நோட்டில் முதலில் தேதி, நேரம், இடம். அடுத்து அளவு. பறவையின் அளவைச் சென்டிமீட்டரில் யாராலும் ஊகிக்க முடியாது. சிட்டுக்குருவி, மைனா, காகம் ஆகிய மூன்றையும் அளவுகோலாக வைத்து, ‘மைனாவைவிடப் பெரிது, காகத்தைவிடச் சிறிது’ என்று எழுதுவதே பயன்படும். அதன் பின் அலகின் வடிவம், காலின் நீளமும் நிறமும், எங்கே இருந்தது, என்ன செய்துகொண்டிருந்தது ஆகியவை வர வேண்டும். நிறத்தை இவற்றுக்குப் பிறகுதான் எழுத வேண்டும். எதிர்வெயிலில் எல்லாப் பறவையும் கறுப்பாகவே தெரியும். வடிவமும் நடத்தையும் வெளிச்சத்தால் மாறுவதில்லை.

பக்கத்திலேயே ஒரு படம் வரையச் சொல்லுங்கள். அழகாக இருக்க வேண்டியதில்லை. அலகை வரையத் தொடங்கியதும்தான், அது வளைந்திருந்ததா நேராக இருந்ததா என்பதைக் கவனிக்கவில்லை என்று குழந்தைக்குத் தெரியவரும். உடனே மீண்டும் நிமிர்ந்து பார்க்கும். அந்த இரண்டாவது பார்வைக்காகத்தான் வரைகிறோம்.

பெரியவர்கள் இங்கே செய்யும் தவறு, பறவை கண்ணில் பட்டவுடன் பெயரைச் சொல்லிவிடுவது. பெயர் கிடைத்ததும் பிள்ளை பார்ப்பதை நிறுத்திவிடுகிறது. மடையான் இதற்கு நல்ல சான்று. குட்டையின் ஓரத்தில் மண் நிறத்தில் அசையாமல் நிற்கும் அது, பறக்கும்போது வெள்ளைச் சிறகை விரித்து வேறு பறவையாகவே தோன்றும். பெயரை முன்பே கேட்டுவிட்ட பிள்ளை அது எழும்பும் வரை காத்திருக்காது. மீனவக் குப்பங்களிலிருந்து வரும் பிள்ளைகள் தங்கள் வீட்டில் வழங்கும் பெயர்களைச் சொன்னால் அவற்றையே எழுதவிடுங்கள். நூற்பெயரைப் பிறகு பக்கத்தில் சேர்த்துக்கொள்ளலாம். கடலோரப் பறவைகளைப் பொறுத்தவரை அந்தப் பிள்ளைகளுக்கு உங்களைவிட அதிகம் தெரிந்திருக்கும்.

4. பைனாகுலர் பழக்கம்

பிள்ளைகளுக்கு 8×32 அளவுள்ளது போதும். முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாகத் தெரியும் என்பதையும், இரண்டாவது எண் முன்கண்ணாடியின் விட்டத்தை மில்லிமீட்டரிலும் குறிக்கின்றன. 10 மடங்கு என்றால் கையின் நடுக்கமும் அத்தனை மடங்கு பெரிதாகும், பார்வைப் பரப்பும் பொதுவாகக் குறுகிவிடும். வாங்கும் முன் பிள்ளையைக் கடைக்கு அழைத்துச் சென்று, இரு குழல்களையும் அதன் கண்களின் இடைவெளிக்கு ஏற்ப நெருக்க முடிகிறதா என்று பாருங்கள். பெரியவர்களுக்கான சில பைனாகுலர்கள் அந்த அளவுக்கு நெருங்குவதில்லை. அப்படிப்பட்டதை வைத்திருக்கும் குழந்தை ஒற்றைக் கண்ணால்தான் பார்த்துக்கொண்டிருக்கும், ஆனால் அதைச் சொல்லத் தெரியாது.

பயிற்சியை அசையாத பொருளில் தொடங்குங்கள். எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டியின் மேல் எழுதியிருக்கும் எழுத்து போதும். வலக்கண்ணை மூடி, இடக்கண்ணால் பார்த்தபடி நடுச் சக்கரத்தைத் திருப்பித் தெளிவாக்க வேண்டும். பிறகு இடக்கண்ணை மூடி, வலக்கண் குழலில் உள்ள வளையத்தை மட்டும் திருப்ப வேண்டும். இரு கண்களின் பார்வைத்திறனும் ஒன்றாக இருப்பதில்லை என்பதால் இதை ஒருமுறை சரிசெய்யாவிட்டால், எப்போதும் மங்கலாகத் தெரிந்து தலைவலிதான் மிஞ்சும். கண்ணாடி அணிந்த பிள்ளைகள் கண்முனை ரப்பரை மடக்கிக்கொள்ள வேண்டும்.

பறவையைப் பிடிக்கும் முறை இதுதான்: வெறுங்கண்ணால் பறவையைப் பார், பார்வையை அதிலிருந்து எடுக்காதே, அப்படியே பைனாகுலரைக் கண்ணுக்குத் தூக்கு. கருவியைக் கண்ணில் வைத்துக்கொண்டு வானமெங்கும் தேடுவதுதான் எல்லாப் புதியவர்களும் செய்வது. அதில் பறவை சிக்காது. சூரியன் இருக்கும் பக்கம் பைனாகுலரைத் திருப்பவே கூடாது என்பதைத் தனியாக, கண்டிப்பாகச் சொல்லுங்கள். ஒரு நொடி போதும், பார்வை நிரந்தரமாகக் கெட.

5. இடத்தையும் நேரத்தையும் தேர்வது

மாடியை விட்டு வெளியேறும் முதல் பயணத்துக்கு மாதவரம் ஏரி, ரெட்டேரி போன்ற அருகிலுள்ள ஏரிக்கரைகள் பொருத்தமானவை. நாமக்கோழி, முக்குளிப்பான், நீர்க்காகம், மீன்கொத்தி, நத்தைகுத்தி நாரை போன்றவை அங்கே பார்க்கக் கிடைக்கும். புழல் ஏரி குடிநீர்த் தேக்கம் என்பதால் அனுமதி கேட்ட பிறகே கரையில் ஏற வேண்டும்.

காசிமேடு மீன்பிடித் துறைமுகம் கடற்பறவைகளுக்கானது. செம்பருந்தும் கரும்பருந்தும் அங்கே மீன் கழிவுக்காக மிகத் தாழப் பறக்கும். குளிர்காலத்தில் பழுப்புத்தலைக் கடற்காகங்களும் ஆலாக்களும் சேரும். வலசை வரும் மாதங்களில் அந்தக் கடற்காகத்தின் தலை வெள்ளையாக, கண்ணுக்குப் பின்னால் ஒரு கறுப்புப் புள்ளியோடு மட்டுமே இருக்கும். பழுப்புத் தலையைத் தேடி ஏமாறாதீர்கள். ஏலம் நடக்கும் இடத்தில் தொழிலுக்கு இடையூறாக நிற்காமல், ‘அண்ணா, இங்கே ஓரமாக நிற்கலாமா?’ என்று கேட்டுவிட்டு நில்லுங்கள்.

கொசஸ்தலையாறு கடலில் கலக்கும் எண்ணூர் முகத்துவாரம் ஓரளவு பழகிய பிள்ளைகளுக்கானது. சென்ட்ரலிலிருந்து கும்மிடிப்பூண்டி செல்லும் புறநகர் ரயிலில் போவதே நல்லது. எண்ணூரைச் சுற்றியுள்ள சாலைகளில் கன்டெய்னர் லாரிகள் ஓயாமல் ஓடுகின்றன, பிள்ளைகளோடு நடக்க ஏற்றவை அல்ல. எண்ணூருக்கும் அத்திப்பட்டு புதுநகருக்கும் இடையில் ரயில் நீர்ப்பரப்பைக் கடக்கும்போது சன்னல் வழியாகவே கொக்குகளையும் நீர்க்காகங்களையும் எண்ணச் சொல்லலாம். நீர் வற்றும் நேரத்தைப் பார்த்துப் போங்கள். நீர் இறங்கிச் சேற்றுத் திட்டுகள் வெளிப்படும்போதுதான் உள்ளான்களும் நெடுங்கால் உள்ளான்களும் இரை தேட வரும். அந்தச் சேற்றில் பிள்ளைகள் ஒருபோதும் இறங்கக் கூடாது. பார்க்கக் கெட்டியாகத் தெரியும், கால் முழங்கால் வரை புதையும். துறைமுகம், அனல்மின் நிலையம் ஆகியவற்றின் பக்கம் கேமராவைத் திருப்ப வேண்டாம். பாதுகாப்புக் காவலர்கள் விசாரிப்பார்கள், பிள்ளைகள் பயந்துவிடுவார்கள்.

பழவேற்காடு கடைசிக் கட்டம். பொன்னேரி வரை ரயிலிலும் அங்கிருந்து பேருந்திலும் போகலாம். பூநாரைகளும் கூழைக்கடாக்களும் அங்கே திரளும். கரையிலிருந்தே பாருங்கள், பிள்ளைகளைப் படகில் ஏற்ற வேண்டாம். 2011-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளில் படகு கவிழ்ந்து பலர் உயிரிழந்த நீர்ப்பரப்பு அது. தவிரவும் படகின் ஓசையால் பூநாரைக் கூட்டம் முழுவதும் எழுந்துவிடும்.

வலசைப் பறவைகளின் காலம் பொதுவாக அக்டோபர் முதல் மார்ச் வரை. ஆனால் பிள்ளைகளுடன் போவதற்கு ஜனவரியும் பிப்ரவரியும்தான் சிறந்தவை. வடகிழக்குப் பருவமழையில் ஏரிகள் தளும்பி நிற்கும்போது, ஆழமற்ற நீரை நாடும் பறவைகளுக்குக் கால் வைக்க இடமிருக்காது. மழை ஓய்ந்து நீர்மட்டம் இறங்கி ஓரங்கள் தெரியத் தொடங்கியதும் அவை கரையருகே வரும்.

காலை 6 மணி முதல் 9 மணி வரை போதும். அதற்கு மேல் வெயிலில் சேற்றுப் பரப்பின் மேல் காற்று அலைந்து, எவ்வளவு நல்ல கருவியிலும் பறவை நெளிந்தே தெரியும். காலையில் சூரியன் கடல் பக்கம் எழுவதால், கடலைப் பார்த்து நின்றால் எல்லாம் நிழலுருவாகிவிடும். ஏரி என்றால் கிழக்குக் கரையிலும், துறைமுகம் என்றால் கடலுக்கு முதுகு காட்டியும் நிற்க இடம் பாருங்கள். வெளிச்சம் உங்கள் முதுகில் விழ வேண்டும், பறவையின் மேல் படர வேண்டும்.

6. பறவையை நெருங்கும் விதம்

நேராக நடந்து போகக் கூடாது. பக்கவாட்டில் சாய்ந்த கோணத்தில், நாலடி வைத்து நின்று, உட்கார்ந்து, மீண்டும் நாலடி வைக்க வேண்டும். பறவையையே முறைத்தபடி நெருங்குவது இரைதேடும் விலங்கின் நடத்தை. பறவைகள் அதை உடனே கண்டுகொள்கின்றன.

பறவை பறப்பதற்கு முன்பே தன் கலக்கத்தைக் காட்டிவிடும். இரை தேடுவதை நிறுத்தும், கழுத்தை நீட்டும், உடலைத் திருப்பும், மெல்ல விலகி நடக்கும். இவற்றில் முதலாவது தெரிந்தவுடனேயே நின்று இரண்டடி பின்வாங்க வேண்டும். இதை விளையாட்டாகவே பழக்கலாம்: முதலில் கண்டுபிடித்த பிள்ளை கையை உயர்த்த, எல்லோரும் உறைந்து நிற்க வேண்டும். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து வந்த பறவை ஒவ்வொரு முறை வீணாக எழும்போதும் உண்ணும் நேரத்தையும் வலுவையும் இழக்கிறது. பறக்கும் படம் வேண்டும் என்பதற்காகக் கல்லெறிவதையும் கைதட்டுவதையும் நான் எந்தக் காரணத்துக்காகவும் ஏற்பதில்லை. அப்படிச் செய்பவர் எவ்வளவு பெரிய படக்காரராக இருந்தாலும் பிள்ளைகளை அவருடன் நிறுத்தாதீர்கள்.

கூட்டைப் படமெடுக்க வேண்டாம். நம் காலடித் தடத்தையும் விலக்கிய கிளையையும் பின்பற்றிக் காகமும் பூனையும் கூட்டை அடைந்துவிடும். கைப்பேசியில் பறவையின் குரலை ஒலிக்கவிட்டு அழைப்பதும் கூடாது. தன் எல்லைக்குள் வேறொன்று புகுந்துவிட்டதென்று நம்பி அது இரையை விட்டுவிட்டு அலையும். 1972-ஆம் ஆண்டின் வனவுயிர் பாதுகாப்புச் சட்டம் காட்டுப் பறவைகளைப் பிடிப்பதையும் கூட்டையும் முட்டையையும் குலைப்பதையும் தடைசெய்கிறது. பச்சைக்கிளியை வீட்டில் கூண்டில் வைத்திருப்பதும் இதில் அடங்கும் என்பதைப் பிள்ளைகளிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

7. இப்போது கேமரா

நீண்ட ஜூம் கொண்ட, லென்ஸ் கழற்ற முடியாத வகைக் கேமராவே பிள்ளைகளுக்குப் பொருத்தம். எடை குறைவு, உப்புக்காற்றில் லென்ஸ் மாற்றி உள்ளே மணல் புகும் ஆபத்தும் இல்லை. அதுவும் இல்லையென்றால் பைனாகுலரின் ஒரு குழலோடு கைப்பேசியின் லென்ஸை ஒட்டிவைத்து எடுக்கலாம். அடையாளம் காண அது போதும்.

ஷட்டர் வேகம்தான் முதலில் கவனிக்க வேண்டியது. உட்கார்ந்திருக்கும் பறவைக்கு 1/500 நொடி, பறப்பதற்கு 1/1600 நொடி அல்லது அதைவிட வேகம் என்று தொடங்குங்கள். ஒளியுணர்திறனைக் குறிக்கும் ஐ.எஸ்.ஓ.-வைத் தானியங்கியில் விட்டுவிடலாம். வேகத்தைக் குறைத்து எடுத்த மங்கிய படத்தைத் திருத்த வழியில்லை, ஆனால் சற்றே புள்ளி தெரியும் படம் பயன்படும்.

அடுத்து வெளிச்சத் திருத்தம் (எக்ஸ்போஷர் காம்பென்சேஷன்). கேமரா தன் முன்னுள்ள காட்சியை நடுத்தர வெளிச்சம் என்று கருதியே கணக்கிடுகிறது. கருநீரின் நடுவே நிற்கும் வெண்கொக்கு அதனால் வெளுத்துப்போய் இறகே தெரியாமல் விழும். அங்கே திருத்தத்தை −0.7 அல்லது −1 என்று வையுங்கள். ஒளிர்ந்த வானத்தின் முன் கம்பியில் உட்கார்ந்த கரிச்சானுக்கும் காகத்துக்கும் +0.7 அல்லது +1 வேண்டும். இந்த ஒன்றைக் கற்றுக்கொண்டாலே பிள்ளைகளின் படங்களில் பாதி தேறிவிடும்.

குவியம் (ஃபோகஸ்) பறவையின் கண்ணில் விழ வேண்டும். கண் தெளிவாக இருந்தால் வால் மங்கினாலும் படம் நிற்கும். குனிந்து, பறவையின் கண் மட்டத்துக்கு இறங்கி எடுக்கச் சொல்லுங்கள். இதில் உயரம் குறைந்த பிள்ளைகள் பெரியவர்களைவிட எளிதாக நல்ல படம் எடுக்கிறார்கள். பறவை பார்க்கும் திசையில் சற்று வெற்றிடம் விடட்டும்.

முதல் படத்தை இருந்த இடத்திலிருந்தே எடுக்க வேண்டும், நெருங்கிய பிறகு எடுக்கலாம் என்று காத்திருக்கக் கூடாது. பறவை பறந்துவிட்டாலும் அடையாளம் காண ஒரு சான்று கையில் இருக்கும். அந்தப் பறவையை நோட்டில் எழுதிய பிறகுதான் கேமரா என்ற விதியை இங்கேயும் விடாதீர்கள். ஃபிளாஷ் வேண்டாம்.

குளிரூட்டிய அறையிலிருந்து கேமராவை நேராகக் கடற்கரைக்குக் கொண்டுபோனால் லென்ஸில் நீர் படியும். பையை மூடியபடியே அரை மணி நேரம் வெளிக்காற்றில் வைத்துவிட்டுத் திறங்கள். வீடு திரும்பியதும் உப்பை மெல்லிய துணியால் துடைத்துவிடுங்கள்.

8. பெயர் காண்பதும் பதிவதும்

வீட்டுக்கு வந்து, நோட்டையும் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, களக் கையேட்டைத் திறக்க வேண்டும். படத்தையும் குரலையும் வைத்துப் பறவையை அடையாளம் காட்டும் மெர்லின் செயலி உதவும். ஆனால் ஹாரன் ஓசை நிறைந்த நம் தெருக்களில் அதன் குரல் அடையாளத்தை அப்படியே நம்பக் கூடாது. குழந்தை கண்ணால் பார்க்காததைப் பட்டியலில் சேர்க்க வேண்டாம்.

பட்டியலை, பறவைப் பதிவுகளைத் திரட்டும் ஈபேர்டு தளத்தில் பெரியவர் ஒருவரின் கணக்கிலிருந்து ஏற்றலாம். குறைந்தது பதினைந்து நிமிடம் ஓரிடத்தில் பார்த்து, கண்ட எல்லாப் பறவைகளையும் எண்ணிக்கையோடு பதிவதே முறை. அரியது எதுவும் வரவில்லை என்று காகத்தையும் புறாவையும் விட்டுவிடுவது தவறு. அவை குறைவதும் கூடுவதும் தெரியவேண்டுமென்றால் அவற்றின் எண்ணிக்கையும் வேண்டும். ஜனவரியில் பொங்கல் விடுமுறையில் நடக்கும் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பு பிள்ளைகள் முதல்முறையாகப் பங்கேற்க ஏற்றது, வீட்டு மாடியிலிருந்தே சேரலாம்.

9. அடிபட்ட பறவை கிடைத்தால்

நீங்கள் பறவை பார்ப்பவர் என்று தெருவில் தெரிந்துவிட்டால், பிள்ளைகள் அடிபட்டவற்றை உங்களிடம் தூக்கிக்கொண்டு வருவார்கள். நம் பகுதியில் இதற்குப் பெருங்காரணம் மாஞ்சா நூல். தடை இருந்தும் பட்டம் விடும் காலத்தில் மரங்களிலும் கம்பிகளிலும் அது தொங்குகிறது. மாடியிலும் மரத்தடியிலும் கைக்கு எட்டும் நூலைப் பெரியவர் துணையோடு சேகரித்து, துண்டு துண்டாக வெட்டிக் குப்பையில் போடுவதைக் குழுவின் வழக்கமாக்குங்கள். மின்கம்பியில் சிக்கியதைத் தொடவே கூடாது.

சிக்கிய பறவையிடமிருந்து நூலை இழுக்காதீர்கள், இழுத்தால் சதைக்குள் இறங்கும். துணியால் தலையை மூடிப் பிடித்து, கத்தரிக்கோலால் நூலை வெட்டுங்கள். காற்றுத் துளையிட்ட அட்டைப்பெட்டியில் இருட்டாக வைத்து, வாயில் நீரோ சோறோ புகட்டாமல், வனத்துறைக்கோ விலங்கு மீட்பு அமைப்புக்கோ தகவல் கொடுங்கள். எண்ணெய் படிந்த பறவையை வீட்டில் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டாம். 2023 டிசம்பர் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் கலந்தபோது கூழைக்கடாக்கள் அப்படித்தான் காணப்பட்டன. அவற்றைப் பிடிப்பதும் தூய்மைப்படுத்துவதும் பயிற்சி பெற்றவர்களின் வேலை. இறந்து கிடக்கும் பறவையை வெறுங்கையால் தொட அனுமதிக்காதீர்கள்.

இறகு முளைத்த குஞ்சு தரையில் கிடந்தால் அது பெரும்பாலும் பறக்கப் பழகிக்கொண்டிருக்கிறது. பூனை, நாய் எட்டாத கிளையிலோ புதரிலோ வைத்துவிட்டுத் தள்ளி நில்லுங்கள். மனிதக் கை பட்டால் தாய் ஒதுக்கிவிடும் என்பது உண்மையல்ல. இறகே முளைக்காத குஞ்சு என்றால் அருகில் கூட்டைத் தேடி, எட்டினால் அதிலேயே வைக்கலாம். கூடு தெரியவில்லை என்றால் மட்டுமே பெட்டியும் தொலைபேசியும்.